வங்கியின் பழைய சாஃப்ட்வேரை மாற்றுவது ஏன் இவ்வளவு ரிஸ்க்? பிரிட்டனின் டிஎஸ்பி வங்கியில் நடந்தது என்ன?

‘ஆப் அப்டேட் பண்ண அஞ்சு நிமிஷம் ஆகுது, ஒரு பேங்க் சாஃப்ட்வேரை மாத்த ஏன் அஞ்சு வருஷம்?’ யுபிஐ பேமென்ட் நடுவழியில் நிற்கும்போது பலருக்கும் வரும் கேள்வி இது. பெரிய வங்கிகளின் ஐடி சிஸ்டம் இப்போது வங்கிக்குள் முடிந்துபோகும் விஷயம் அல்ல. ஒரு வங்கியின் சர்வர் படுத்தால் சம்பளம், வாடகை, இஎம்ஐ எல்லாமே நிற்கும்.

இந்திய ரிசர்வ் வங்கியும் இதைக் கடுமையாகவே பார்க்கிறது. அடிக்கடி ஏற்பட்ட சேவை முடக்கங்களால், 2020 டிசம்பரில் புதிய டிஜிட்டல் திட்டங்களைத் தொடங்கவும் புதிய கிரெடிட் கார்டுகள் வழங்கவும் எச்டிஎஃப்சி வங்கிக்குத் தடை விதித்தது. அது முழுமையாக விலக 2022 மார்ச் ஆனது. 2024 ஏப்ரல் 24 அன்று கோட்டக் மஹிந்திரா வங்கி, ஆன்லைன் மற்றும் மொபைல் வழியாகப் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கவும் புதிய கிரெடிட் கார்டு தரவும் தடை வந்தது. அது 2025 பிப்ரவரியில்தான் நீங்கியது.

அப்படியானால் பழசைத் தூக்கிவிட்டுப் புதுசை வைத்தால் போதாதா? அப்படிச் செய்யப்போய் மாட்டிக்கொண்ட வங்கிதான் பிரிட்டனின் டிஎஸ்பி.

முதலில், எது ‘பழைய’ சாஃப்ட்வேர்?

கணக்கு, இருப்பு, வட்டி, கடன் ஆகிய நான்கையும் பார்த்துக்கொள்ளும் மைய மென்பொருளுக்குக் ‘கோர் பேங்கிங்’ என்று பெயர். உலகின் பல பெரிய வங்கிகளில் இதன் அடித்தளம் பல பத்தாண்டுகளுக்கு முன் ‘கோபால்’ மொழியில் எழுதப்பட்டது. இன்றைக்கும் ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. கோடு பழையதாக இருப்பது மட்டுமே பிரச்சினை இல்லை. அந்தக் கோடுக்குள் என்னென்ன விதிகள் இருக்கின்றன என்று தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுப் போய்விடுவதுதான் பெரிய சிக்கல்.

பைசாவை எந்த இடத்தில் முழுமையாக்குவது, 31ஆம் தேதி இல்லாத மாதத்தில் இஎம்ஐ எந்த நாளில் எடுப்பது, மைனர் கணக்கு வைத்திருப்பவருக்கு 18 வயதானதும் என்ன செய்வது போன்ற ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன முடிவுகள் கோடுக்குள் மட்டும்தான் இருக்கும். எந்த ஆவணத்திலும் இருக்காது. அதன் மேலேயே மொபைல் ஆப், யுபிஐ, கார்டு, கடன் செயலி என்று அடுக்கடுக்காகக் கட்டியிருப்பார்கள். கீழே ஒரு செங்கல்லை உருவினால் மேலே எது ஆடும் என்பது லேசில் தெரியாது.

டிஎஸ்பி ஏன் மாற வேண்டியிருந்தது?

2008 நிதி நெருக்கடியில் லாயிட்ஸ் வங்கிக்குப் பிரிட்டன் அரசு கைகொடுத்தது. அதற்கு ஐரோப்பிய ஆணையம் வைத்த நிபந்தனையால், ஒரு பகுதிக் கிளைகளை லாயிட்ஸ் பிரித்துவிட வேண்டியிருந்தது. அப்படி 2013இல் தனியாக வந்தது டிஎஸ்பி. 2015இல் அதை ஸ்பெயினின் சபாதெல் வங்கி வாங்கியது.

வங்கி தனியாகிவிட்டது, சாஃப்ட்வேர் தனியாகவில்லை. லாயிட்ஸின் சிஸ்டத்திலேயே கட்டணம் கட்டி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டை வாங்கிய பிறகும் பழைய ஓனரின் மீட்டரில் கரன்ட் எடுப்பது மாதிரி. எனவே சபாதெல்லின் ‘புரோட்டியோ’ தளத்தைப் பிரிட்டனுக்கு ஏற்ப மாற்றி, 52 லட்சம் வாடிக்கையாளர்களையும் அதற்குக் கொண்டுபோகத் திட்டமிட்டார்கள். கட்டும் பொறுப்பு சபாதெல்லின் ஐடி பிரிவான சாபிஸுக்குப் போனது.

2018 ஏப்ரல் 22: என்ன ஆனது?

ஒரு வார இறுதியில் மாற்றம் நடந்தது. ஞாயிறு மாலை புதிய சிஸ்டம் திறந்தது. சற்று நேரத்திலேயே ஆன்லைன், மொபைல், தொலைபேசி, கிளை என எல்லா வழிகளிலும் கோளாறு. சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள்ளேயே நுழைய முடியவில்லை. சிலருக்கு அடுத்தவர்களின் கணக்கு விவரம் தெரிந்தது. குழப்பத்தைப் பயன்படுத்தி மோசடிக்காரர்களும் புகுந்தார்கள். நிலைமை முழுவதும் சீராக 2018 டிசம்பர் ஆனது. ஓராண்டுக்குள் வந்த புகார்கள் 2,25,492.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: வாடிக்கையாளர் தரவு சரியாகவே புதிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்புகளே சொல்கின்றன. விழுந்தது அந்தத் தரவைத் தாங்க வேண்டிய தளம்.

எங்கே சறுக்கியது?

வங்கியின் நிர்வாகக் குழு கேட்டுக்கொண்டதன்பேரில் ‘ஸ்லாட்டர் அண்ட் மே’ சட்ட நிறுவனம் விசாரித்து 2019 நவம்பரில் அறிக்கை தந்தது. பின்னர் ஒழுங்குமுறை அமைப்புகளும் விசாரித்தன. அவற்றில் தெரிந்த முக்கியத் தவறுகள் நான்கு.

1. தேதி முதலில், வேலை பிறகு: 2017 நவம்பரில் முடிப்பதாக இருந்த திட்டம் தள்ளிப்போனது. ‘இன்னும் எவ்வளவு வேலை இருக்கிறது?’ என்று முழுதாகக் கணக்கெடுத்து அதிலிருந்து தேதிக்கு வரவில்லை. முடிவுத் தேதியை வைத்துக்கொண்டு பின்னோக்கித் திட்டம் போட்டார்கள். ஐடியில் வேலை செய்கிற யாருக்கும் இது பரிச்சயமான கதைதான்.

2. ஒரே பாய்ச்சல்: கொஞ்சம் கொஞ்சமாக வாடிக்கையாளர்களை நகர்த்துவதை விட்டு, பெரும்பாலானவர்களை ஒரே நிகழ்வில் மாற்றினார்கள். ஒரு பகுதியில் தவறு செய்து கற்றுக்கொள்ள இடமே இல்லை.

3. பாதிச் சோதனை: புதிய தளம் இரண்டு டேட்டா சென்டர்களில் ஒரே நேரத்தில் இயங்க வேண்டியது. எவ்வளவு சுமை தாங்கும் என்ற சோதனை ஒரு டேட்டா சென்டரில்தான் நடந்தது.

4. வாக்குறுதியே சான்றானது: சாபிஸ் 85 வெளி நிறுவனங்களை நம்பியிருந்தது. அவர்கள் தயாரா என்று கேட்டபோது வந்த பதில்களில் இருந்தது ‘தயாராகிவிடுவோம்’ என்ற எதிர்பார்ப்பு. ‘சோதித்துவிட்டோம், இதோ முடிவு’ என்ற ஆதாரம் போதிய அளவுக்கு இல்லை.

விலை என்ன?

தலைமை நிர்வாகி பால் பெஸ்டர் 2018 செப்டம்பரில் பதவி விலகினார். வாடிக்கையாளர்களுக்கு வங்கி தந்த இழப்பீடு 3.27 கோடி பவுண்டு. 2022 டிசம்பரில் இரண்டு ஒழுங்குமுறை அமைப்புகளும் சேர்ந்து விதித்த அபராதம் 4.865 கோடி பவுண்டு. 2023 ஏப்ரலில், மாற்றத்தின்போது பொறுப்பில் இருந்த தலைமைத் தகவல் அதிகாரிக்கும் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம். ‘வெண்டர் சொன்னார், நம்பினோம்’ என்ற பதில் இனி எடுபடாது என்பதே அதன் அர்த்தம். வேலையை வெளியே கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது.

சரியாகச் செய்வது எப்படி?

தொடக்கம் கோடு எழுதுவதில் இல்லை, பட்டியல் எடுப்பதில் இருக்கிறது. எத்தனை மென்பொருள்கள் ஓடுகின்றன, எது எதை நம்பி இருக்கிறது, யார் பொறுப்பு, எதற்குச் சப்போர்ட் முடிந்துவிட்டது என்ற முழுக் கணக்கு வேண்டும். கோட்டக் வங்கியில் ரிசர்வ் வங்கி சுட்டிய குறைகளில் ஐடி சொத்துப் பட்டியலைப் பராமரிக்கும் விதமும், வெண்டர் ரிஸ்க்கும், பேரிடர் மீட்பு ஒத்திகையும் இருந்தன. டிஎஸ்பி கதையில் வெண்டர் விஷயம்தான் பெரிதாக வெடித்தது.

பட்டியல் கைக்கு வந்த பிறகு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முடிவு: அப்படியே விடலாமா, புதிய சர்வருக்கு மட்டும் மாற்றலாமா, திரும்ப எழுதலாமா, மூடிவிடலாமா? எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. மாற்ற வேண்டியதைப் பழையதோடு கொஞ்ச காலம் இணையாக ஓட்டி, இரண்டும் ஒரே விடை தருகின்றனவா என்று பார்க்கலாம். முதலில் ஊழியர் கணக்குகள், பிறகு ஒரு சிறு பகுதி, அதன் பிறகு மற்றவர்கள் என்று போகலாம். கோளாறு வந்தால் பழைய இடத்துக்கே திரும்பும் வழியையும் திறந்து வைக்க வேண்டும்.

இதற்குச் செலவு கூடும், காலமும் இழுக்கும். இரண்டு சிஸ்டத்தையும் ஒரே நேரத்தில் பராமரிக்க வேண்டும். அதனால்தான் ‘ஒரே வார இறுதியில் முடிச்சிடலாம்’ என்ற யோசனை நிர்வாகங்களுக்கு இனிக்கிறது. ஒரே நாளில் மாற்றுவது எப்போதும் தோற்கும் என்றும் சொல்லிவிட முடியாது. எச்டிஎஃப்சி வங்கி 2024 ஜூலை 13, இரண்டாம் சனிக்கிழமை, அதிகாலை 3 மணி முதல் மாலை 4.30 வரை சேவைகளைக் குறைத்து அறிவித்துவிட்டு, தன் கோர் பேங்கிங்கைப் புதிய தளத்துக்கு மாற்றியது. விடுமுறை நாளைத் தேர்ந்தெடுத்தது, எந்தச் சேவை எப்போது கிடைக்காது என்று முன்கூட்டியே சொன்னது இரண்டும் வாடிக்கையாளர் தயாராக உதவின.

வாடிக்கையாளர் என்ன செய்யலாம்?

‘சிஸ்டம் அப்கிரேட்’ என்று வங்கியிலிருந்து மெசேஜ் வந்தால் ஸ்வைப் பண்ணித் தள்ளிவிட வேண்டாம். அந்த நாளில் இஎம்ஐ, வாடகை, ஃபீஸ் எதுவும் இருந்தால் முன்பே கட்டிவிடலாம். இன்னொரு வங்கியில் ஒரு கணக்கும் கையில் கொஞ்சம் ரொக்கமும் இருப்பது நல்லது. மாற்றத்துக்கு முந்தைய நாள் ஸ்டேட்மென்ட்டைப் பதிவிறக்கி வைத்தால், பிறகு தொகை மாறித் தெரிந்தால் அதுவே ஆதாரம். அப்கிரேடைச் சாக்காக வைத்து ஓடிபி கேட்டு வரும் அழைப்புகளுக்கு ஒரே பதில், கட் செய்வதுதான். வங்கி 30 நாட்களுக்குள் புகாரைத் தீர்க்காவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே கட்டணமின்றிப் புகார் தரலாம்.