இல்லாதவனுக்குக் கிடைத்த இடம்

அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி. ஜார்ஜியா டெக் என்பார்கள். 1927ல் அங்கே சேரப்போன வில்லியம் எட்கர் ஸ்மித் என்ற மாணவனுக்கு விண்ணப்பப் படிவம் ஒன்றுக்கு இரண்டாய் வந்துவிட்டது. ஒன்றில் தன் பெயரை எழுதினான். இன்னொன்றில் ஜார்ஜ் பி. பர்டெல் என்று இல்லாத ஒருத்தன் பெயரை எழுதினான். இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. பர்டெலுக்கும் சேர்த்து ஸ்மித்தே வீட்டுப்பாடம் எழுதினான், பரீட்சையும் எழுதினான். 1930ல் பர்டெலுக்குப் பட்டம் கொடுத்தார்கள். ஆளே இல்லை, பட்டம் மட்டும் இருக்கு!

கதை அதோடு முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஒரு குண்டுவீச்சு விமானக் குழுவின் பட்டியலில் பர்டெல் பெயர் ஏறியது. 1969ல் கணினிப் பதிவு வந்தபோது, மாணவர்கள் அவனை எல்லாப் பாடத்திலும் சேர்த்துவிட்டார்கள். 2015ல் அங்கே பேசப்போன ஒபாமாகூட அவனை வைத்துக் கேலி பேசினார்.

எனக்கும் சிரிப்பு வரத்தான் செய்யுது. நிர்வாகத்துக்குத் தண்ணி காட்டுற மாணவனை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் சேரியிலிருந்து போய்ப் படித்தவன் நான். யாருக்கு இடம் கிடைத்தது என்று சொன்னால், யாருக்குக் கிடைக்கலை என்று உடனே கேட்கத் தோணுது.

1927ல் அந்தக் கல்லூரி வெள்ளையருக்கு மட்டும்தான். அதே ஊரில் கறுப்பின மாணவர்கள் மோர்ஹவுஸ் போன்ற தங்கள் கல்லூரிகளில் படித்துக்கொண்டிருந்தார்கள். ஃபோர்டு கிரீன், ரால்ஃப் லாங், லாரன்ஸ் வில்லியம்ஸ் என்ற மூன்று கறுப்பின மாணவர்கள் ஜார்ஜியா டெக்கில் கால்வைத்தது 1961ல். இல்லாதவன் நுழைந்து 34 வருஷம் கழித்துத்தான் இருந்தவர்களுக்குக் கதவு திறந்தது!

அங்கே முதலில் பட்டம் வாங்கிய கறுப்பின மாணவர் ரொனால்டு யான்சி. ஆண்டு 1965. முதலில் விண்ணப்பித்தபோது இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். உள்ளே போன பிறகும் கூட உட்கார்ந்து படிக்க ஆளில்லை. இல்லாத பர்டெலுக்குப் பரீட்சை எழுதவே ஓர் ஆள் இருந்தான் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

விளையாட்டை எதுக்கு அரசியலாக்குறீங்க என்பார்கள். ஸ்மித்தை நான் குற்றம் சொல்லவில்லை. அந்த விளையாட்டை ஆடவே முதலில் வாசலைத் தாண்டியிருக்கணும். தகுதி, தரம் என்று காவல் காத்த வாசல்தான் அது. ஆளைப் பார்க்காமலே பர்டெலை உள்ளே விட்டது. அவன் வெள்ளையனாகத்தான் இருப்பான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தத் தகுதிக்குப் பெயர் நிறம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லணும். 1961ல் நீதிமன்றம் கட்டளை இடாமலே அந்தக் கல்லூரி கதவைத் திறந்தது. 2019ல் அந்த நால்வருக்கும் வளாகத்தில் சிலையும் வைத்தது. நல்லது. ஆனாலும் பர்டெல் கதையைக் காது குளிரக் கேட்டவர்களில் எத்தனை பேர் யான்சியின் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

தோழர்களே, பர்டெல் கதையைச் சொல்லுங்கள், சிரியுங்கள். கூடவே அந்த நான்கு பெயரையும் சொல்லுங்கள். அவர்கள் யாரும் கற்பனை இல்லை.