விலையுயர்ந்த எண்ணெய் வடிகட்டிகள்: தரம் அறியும் வகை

மோட்டார் வண்டியும் டிராக்டரும் வைத்திருக்கும் விவசாயிகள், இஞ்சின் எண்ணெயை மாற்றுங்கால், 'ஆயில் பில்டர்' என வழங்கும் எண்ணெய் வடிகட்டியையும் மாற்றுவது வழக்கம். இவை சாதாரணம், உயர்தரம் எனப் பலவகையாய், மிகுந்த விலை வித்தியாசத்துடன் விற்கப்படுகின்றன. விலை மிகுந்ததெல்லாம் மேலானது என்பார் சிலர். உள்ளிருப்பது எல்லாம் ஒரே காகிதந்தான் என்பார் வேறு சிலர். இவ்விரண்டும் தவறென்பதே எமது அபிப்பிராயம்.

1923-ஆம் வருஷத்தில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்டு என்னும் அமெரிக்கர் 'பியூரோலேட்டர்' என்ற வடிகட்டியை இயற்றினார். அக்காலத்து வடிகட்டிகள் பெரும்பாலும் எண்ணெயில் ஒரு பகுதியையே சுத்தி செய்தன. பிற்காலத்தனவோ பேரிங்குகளுக்குச் செல்லும் எண்ணெய் முழுவதையும் வடிகட்டுகின்றன. ஆகவே, துவாரங்கள் மிக நுண்ணியனவாயின் எண்ணெய் தடைப்படும். பெரியனவாயின் தூள் புகும். இவ்விரண்டுக்கும் இடையே பொருத்தங் காண்பதே செய்வோன் திறமை.

தூளின் அளவை மைக்ரான் என்னும் அளவையாற் கூறுவர். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கு ஒரு மைக்ரான். 'நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு அழுக்கை நீக்கும்' என்று மட்டும் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தால் அதனாற் பயனில்லை. எத்தனை மைக்ரான் தூளில் என்று கேட்க வேண்டும். 20 மைக்ரான் தூளில் 99 சதவீதம் நீக்குவது நூற்றில் ஒன்றையே விடும். 95 சதவீதம் நீக்குவது ஐந்தை விடும். இரண்டும் 'தொண்ணூற்றுக்கு மேல்' என்றே பேசப்படினும், ஒருமுறை ஓடுகையில் உட்புகும் தூள் ஐந்து மடங்காகும். ஐ.எஸ்.ஓ. 4548-12 என்னும் சர்வதேசப் பரீக்ஷை, இத்திறனையும், வடிகட்டி எவ்வளவு அழுக்கைத் தாங்கும் என்பதையும் ஒருங்கே காட்டுவது. அப்பரீக்ஷையின்படி கூறப்பட்ட எண்ணே நம்பத்தக்கது.

தாங்கும் அளவும் அற்பமானதன்று. வடிகட்டி அடைபட்டால், இஞ்சின் எண்ணெயின்றி வறளாதிருக்க ஒரு வால்வு திறந்து, வடிக்கப்படாத எண்ணெயையே உள்ளே செலுத்தும். கண்ணாடி இழை முதலிய செயற்கை இழைகளாலாகிய வடிகட்டிகள், காகிதத்தினும் அதிக அழுக்கைத் தாங்குமாறு செய்யப்படக் கூடும். மேல்விலைக்கு நியாயமான காரணம் பெரும்பாலும் இதுவே.

எண்ணெய் பின்னோக்கி வடியாமற் காக்கும் ரப்பர் வால்வையும் கவனிக்க வேண்டும். சாதாரண நைட்ரைல் ரப்பர் உஷ்ணத்தால் நாளடைவில் விறைக்கும். சிலிக்கோன் நெடுநாள் இளக்கமாயிருக்கும். வடிகட்டி படுக்கையாகவோ தலைகீழாகவோ பொருத்தப்பட்ட இஞ்சின்களில் இவ்வேற்றுமை மிகவும் பயன்படும். வாய் மேல்நோக்கித் தொங்குமாறு பொருத்தியவற்றில் அவ்வளவு இல்லை.

சிலர் வடிகட்டியை அறுத்துப் பார்த்து, மடிப்புகளை எண்ணித் தீர்ப்புக் கூறுகின்றனர். ஒட்டுப் பிரிதல், மடிப்புகள் ஒழுங்கின்மை முதலிய குற்றங்களை இதனால் அறியலாம். ஆயினும் துவாரத்தின் நுண்மை கண்ணுக்குப் புலப்படாது. முனைமூடி அட்டையாலாயது என்பது பற்றியே ஒன்றைத் தாழ்த்துவதும் நியாயமன்று.

இனி, எவர் எதை வாங்கலாம்? குறித்த காலத்தில் எண்ணெயும் வடிகட்டியும் மாற்றுவோர்க்கு, இஞ்சின் செய்தோர் குறித்த எண்ணுடைய அசல் வடிகட்டியே போதும். புழுதி நிலத்தில் நெடுநேரம் உழுவோரும், வண்டியை நெடுங்காலம் வைத்துக்கொள்ள விரும்புவோரும், பரீக்ஷை எண் காட்டும் உயர்ந்த வடிகட்டிக்குச் சற்று அதிகம் கொடுப்பது வீணன்று. ஆனால் அதை நம்பி எண்ணெய் மாற்றும் காலத்தை நீட்டலாகாது. எண்ணெயிற் கரைந்த அமிலத்தையும், அதிற் கலந்த டீசலையும் எவ்வடிகட்டியும் நீக்காது. காற்று வடிகட்டியைச் சுத்தமாய் வையாதவன் உயர்ந்த எண்ணெய் வடிகட்டி வாங்குவது, வேலியைத் திறந்துவிட்டுக் காவற்காரனுக்குக் கூலி கொடுப்பதை யொக்கும்.

போலிச் சரக்கு பெயரையும் பெட்டியையும் அப்படியே பின்பற்றுமாதலால், ரசீது கொடுக்கும் கடையிலேயே வாங்குதல் நலம்.

1966-ஆம் வருஷத்து விதைச் சட்டம், அறிவிக்கப்பட்ட ரகங்களின் விதை விற்போர் முளைப்புத் திறனை விவரச்சீட்டிற் காட்ட வேண்டுமென விதித்தது. விதைக்கு வேண்டிய இந்நேர்மை வடிகட்டிக்கும் வேண்டும். எத்தனை மைக்ரானில் எத்தனை சதவீதம் என்று ஒவ்வொரு பெட்டியிலும் அச்சிடச் செய்தல் அவசியம். அதுவரை, அவ்வெண்ணைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குவதை விவசாயிகள் வழக்கமாக்கிக் கொள்வார்களாக. ஒரு வடிகட்டியின் விலை சிறிது. இஞ்சினைப் பிரித்துப் பழுது பார்க்கும் செலவோ ஒரு போகத்து இலாபத்தையே விழுங்கிவிடும்.