லென்ஸுக்குக் கேமராவா, கேமராவுக்கு லென்ஸா?

ஃபிலிம் கேமரா மறுபடியும் பலர் கைக்கு வந்திருக்கிறது. பல வீடுகளில் கதை ஒன்றுதான். அப்பாவோ மாமாவோ வைத்திருந்த இரண்டு மூன்று பழைய நிக்கான் லென்ஸ்கள் அலமாரியில் கிடக்கும். கேமரா மட்டும் இருக்காது, இருந்தாலும் ஓடாது. 'ஒரு பழைய பாடி வாங்கி மாட்டிவிட்டால் போதுமே' என்று விசாரிக்கப் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "எஃப்.எம்2 வாங்குங்க, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்."

கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதில்தான் சிக்கலே. எஃப்.எம்2 அருமையான கேமரா, அதில் சந்தேகமில்லை. ஆனால் அலமாரியில் இருக்கும் லென்ஸ் 1977க்கு முந்தையது என்றால், மாட்டும்போதே கேமராவைப் பழுதாக்கிவிட வாய்ப்புண்டு. பல மாதச் சேமிப்பைப் போட்டு வாங்கிய பொருளுக்கு முதல் நாளே அந்தக் கதி வரவேண்டுமா?

ஒரே வாய், இரண்டு தலைமுறை

நிக்கான் எஃப் கேமரா 1959இல் வந்தது. அன்று வைத்த லென்ஸ் மவுண்ட் அளவை அந்த நிறுவனம் கடைசி ஃபிலிம் கேமரா வரைக்கும் மாற்றவில்லை. இதை வைத்துத்தான் 'எந்த நிக்கான் லென்ஸும் எந்த நிக்கான் பாடியிலும் போகும்' என்ற பேச்சு கிளம்பியது. இது பாதி உண்மை. வாய் ஒன்றுதான், பேசும் மொழி மாறிவிட்டது.

பழைய லென்ஸ்களில் அபெர்ச்சர் வளையத்தின் மேல் இரண்டு காது மாதிரி ஓர் உலோகத் துண்டு நிற்கும். முயல் காது என்பது அதன் செல்லப்பெயர். கேமராவில் இருக்கும் ஒரு முள் அந்தக் காதைப் பிடித்துக்கொள்ளும். எந்த அபெர்ச்சர் வைத்திருக்கிறது என்று மீட்டருக்குத் தெரிவது அப்படித்தான்.

1977இல் 'ஏ.ஐ' முறை வந்தது. (இன்றைய செயற்கை நுண்ணறிவு இல்லை, லென்ஸின் அபெர்ச்சரைக் கேமரா தானாகவே அறிந்துகொள்ளும் ஏற்பாடு.) இதில் காதுக்கு வேலை இல்லை. அபெர்ச்சர் வளையத்தின் பின்பக்க விளிம்பில் ஒரு பகுதி வெட்டப்பட்டிருக்கும். அந்த விளிம்பு கேமராவின் மவுண்ட் ஓரத்தில் உள்ள சின்ன நெம்புகோலைத் தள்ளும். பழைய லென்ஸில் இந்த வெட்டு கிடையாது. முழு வளையமும் நேராகப் போய் நெம்புகோலில் இடிக்கும். வலுக்கட்டாயமாகத் திருகினால் நெம்புகோல் வளையும், அல்லது உடையும்.

பழைய எஃப்.எம் (1977), எஃப்.இ (1978) இரண்டிலும் இந்த நெம்புகோலை மேலே மடக்கிவிடலாம். எஃப்3 (1980) கேமராவிலும் முடியும். ஆனால் பின்னால் வந்த எஃப்.எம்2 (1982), எஃப்.இ2 (1983), எஃப்.ஏ (1983) மூன்றிலும் மடக்க முடியாது. புதியதில் ஒரு வசதி கூடினால் பழையதில் இருந்த இன்னொன்று போய்விடுகிறது!

முதலில் லென்ஸைப் பார்க்க வேண்டும்

ஆகவே கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை வீட்டிலேயே இருக்கிறது. லென்ஸைக் கையில் எடுத்துப் பார்த்தால் போதும். அபெர்ச்சர் எண்கள் பெரிதாக ஒரு வரிசை, மவுண்டுக்குப் பக்கத்தில் சிறிதாக இன்னொரு வரிசை என்று இருந்தால் அது ஏ.ஐ வகை. அதன் காதுகளிலும் ஓட்டை இருக்கும். ஒரே வரிசை எண்ணும், ஓட்டையில்லாத காதும், பின்விளிம்பில் வெட்டே இல்லாத வளையமும் இருந்தால் பழைய வகை. இடையில் யாராவது வளையத்தை மாற்றியிருக்கலாம், அதனால் பின்விளிம்பைத் தடவிப் பார்ப்பது நல்லது.

பார்த்த பிறகு முடிவு எளிது.

1. எல்லாமே காது வைத்த பழைய லென்ஸ்கள் என்றால், நிக்கோர்மாட் எஃப்.டி2 (1975). எஃப்.எம்2வுக்கு இருக்கும் பெயர் இதற்கு இல்லை, அதனால் விலையும் பொதுவாகக் குறைவு. லென்ஸை மாட்டியதும் வளையத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒருமுறை திருப்ப வேண்டும், அவ்வளவுதான். மீட்டர் முழுதாக வேலை செய்யும். இதற்கு முந்தைய எஃப்.டி.என் (1967) பாதரச பாட்டரிக்காகச் செய்யப்பட்டது. அந்த 1.35 வோல்ட் பாட்டரி இப்போது விற்பனையில் இல்லை, 1.5 வோல்ட் போட்டால் மீட்டர் தப்பாகக் காட்டும். எஃப்.டி2 சாதாரண 1.5 வோல்ட் சில்வர் ஆக்சைடு பாட்டரியில் ஓடும்.

2. பழையதும் ஏ.ஐயும் கலந்திருந்தால், எஃப்.எம் அல்லது எஃப்.இ. ஏ.ஐ லென்ஸுக்கு எல்லா வசதியும் உண்டு. பழைய லென்ஸுக்கு நெம்புகோலை மடக்கிவிட்டு, அபெர்ச்சரை மூடி அளவு பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் வ்யூ ஃபைண்டர் கொஞ்சம் இருட்டும். அவசரமாகப் படம் எடுப்பவருக்கு எரிச்சல்தான், மற்றவர்களுக்குப் பழகிவிடும்.

3. எல்லாம் ஏ.ஐ என்றால் தாராளமாக எஃப்.எம்2 வாங்கலாம், பணம் இருந்தால்.

1/4000 யாருக்கு வேண்டும்?

எஃப்.எம்2வின் பெரும் புகழ் அதன் 1/4000 வினாடி ஷட்டர். எஃப்.எம்மில் 1/1000தான். கேட்பதற்கு நான்கு மடங்கு வித்தியாசம். பயன்பாட்டில் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ 100 ஃபிலிமுக்கு எஃப் 16 வைத்தால் ஏறக்குறைய 1/125. அதே வெளிச்சத்தில் எஃப் 5.6 வைத்தால் 1/1000. அதாவது எஃப்.எம் தாக்குப்பிடிக்கும். 1/4000 தேவைப்படுவது உச்சி வெயிலில் எஃப் 2.8 வைக்க நினைப்பவருக்கு. மாலை வெயிலிலும் நிழலிலும் எடுப்பவருக்கு அந்த எண் டயலில் பார்த்துச் சந்தோஷப்பட மட்டுமே.

ஃப்ளாஷ் விஷயத்தில் எஃப்.எம்2வுக்கு நியாயமான ஆதாயம் உண்டு. எஃப்.எம்மில் ஃப்ளாஷ் 1/125 வரைதான், எஃப்.எம்2வில் முதலில் 1/200, பின்னர் 1/250. பகலில் ஃப்ளாஷ் போட்டு முகம் எடுப்பவர் அதற்குக் காசு கொடுக்கலாம். மற்றவர்களுக்கு, பொருளாதாரப் பாடத்தில் வரும் வாய்ப்புச் செலவு இங்கே பொருந்தும். பாடிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயும் வாங்காமல் விட்ட ஃபிலிம். படம் ஃபிலிமில்தான் விழுகிறது, டயலில் இல்லை.

எஃப்.எம்மா, எஃப்.இயா?

எஃப்.இயில் அபெர்ச்சரை வைத்தால் ஷட்டர் வேகத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். ஃபோகஸ் திரையையும் மாற்றலாம். சௌகரியமான கேமரா. ஆனால் ஷட்டர் மின்னணுவில் ஓடுகிறது. பாட்டரி தீர்ந்தால் மிஞ்சுவது 1/90ம் 'பி'யும் மட்டும். எஃப்.எம்மில் பாட்டரி மீட்டருக்கு மட்டுமே, அது இல்லாமலும் எல்லா வேகமும் ஓடும். எஃப்.இயின் சர்க்யூட் செத்துப்போனால் உதிரி பாகம் இன்னொரு எஃப்.இயின் வயிற்றிலிருந்துதான் வரவேண்டும். எஃப்.எம்மின் மீட்டர் செத்தாலும் கேமரா சாகாது. நாற்பது வயது தாண்டிய பொருளை வாங்கும்போது, எது சரியாக ஓடுகிறது என்பதோடு எது கெட்டாலும் சமாளிக்கலாம் என்பதையும் பார்க்க வேண்டும். அந்த வகையில் எஃப்.எம்முக்கே ஓட்டு.

கையில் வாங்கியதும்

பெயரைவிடக் கையில் இருக்கும் பீஸ்தான் முக்கியம். பின்மூடியைத் திறந்து 1 வினாடியில் ஷட்டரைத் தட்டினால் 'ஆயிரத்து ஒன்று' சொல்லி முடிப்பதற்குள் மூட வேண்டும், நடுவில் திணறக் கூடாது. ஷட்டர் தகடுகளில் மடிப்பு இருந்தால் வேண்டாம். பாட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடியைச் சுற்றியுள்ள கறுப்பு ஸ்பாஞ்சு பிசுபிசுத்துப் போயிருந்தால் பயப்பட வேண்டாம். இந்த வயதுக் கேமராக்களில் அது சகஜம், மாற்றும் செலவும் குறைவு. விலையைக் குறைத்துக் கேட்க அது நல்ல சாக்கு :-)

வளையத்தை அரத்தால் ராவுவது

கடைசியாக ஒன்று. ஏற்கனவே எஃப்.எம்2 வாங்கிவிட்டவர்களுக்குச் சிலர் சொல்லும் வழி, பழைய லென்ஸின் வளையத்தை அரத்தால் ராவி வெட்டு உண்டாக்குவது. ஒரு காலத்தில் நிக்கானே ஏ.ஐ வளையம் தயாரித்து மாற்றிக்கொடுத்தது. அந்த வளையம் கிடைத்தால் மாற்றுவதில் தவறில்லை, பழையதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். அரம் போட்ட உலோகம் திரும்பி வராது. செருப்புக்குப் பொருந்தவில்லை என்று காலை வெட்டுகிற வேலை அது.

பாடி என்பது வெளிச்சம் புகாத ஒரு பெட்டி, நேரம் பார்க்கும் ஒரு கதவு. இன்று ஒன்று போனால் நாளை இன்னொன்று வாங்கலாம். அலமாரியில் இருக்கும் லென்ஸ், அந்த வீட்டின் கல்யாணங்களையும் பிறந்தநாள்களையும் பார்த்த கண்ணாடி. அதற்கு எந்தக் கேமரா பொருந்தும் என்று லென்ஸையே கேட்டுவிட்டு வாங்குவதுதான் முறை. பதில் பெரும்பாலும் யாரும் பேசாத, விலை குறைந்த கேமராவாகவே இருக்கும்.