யாருன்னு சொல்லித் தொலையேன்!

ஜெராக்ஸ் கடை. பின்னால் ஏழு பேர் நிற்கிறார்கள். நீங்கள் பென் டிரைவைக் கழற்றப் போகிறீர்கள். ‘இது உபயோகத்தில் இருக்கிறது. புரோகிராமை மூடிவிட்டு வா’ என்கிறது விண்டோஸ். எந்த புரோகிராம், சாமி? வேர்டை மூடியாச்சு, ஃபோல்டரை மூடியாச்சு. மறுபடியும் அதே பல்லவி. ‘சும்மா புடுங்குங்க சார்’ என்கிறான் கடைப் பையன்.

புடுங்கலாமா? எனக்குத் தெரிந்த பி.காம். பாஷையில் சொல்கிறேன். ‘சேவ்’ கொடுத்ததும் எல்லாம் பேரேட்டில் ஏறிவிடாது. வேகத்துக்காக, முதலில் கம்ப்யூட்டரின் மெமரி என்கிற குறிப்பேட்டில் காத்திருக்கும். பேரேட்டில் பதிவதற்குள் பிடுங்கினால் ஃபைல் பாதியில் நிற்கும். சமயத்தில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்கிற அட்டவணையே குழம்பிப் போகும். 2018-ல் வந்த விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பிலிருந்து, நாமாகக் கேட்டாலொழிய பென் டிரைவுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. அப்படியும், காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது இழுத்தால் அம்போதான்.

ஆக, எச்சரிப்பது தப்பில்லை. மென்று முழுங்குவதுதான் தப்பு. பிடித்து வைத்திருப்பது யார் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாதா? தெரியும் சார்! விண்டோஸுக்குள் ஈவென்ட் வியூவர் என்று ஒரு பரண் இருக்கிறது. கழற்றவிடாமல் தடுத்த புரோகிராமின் பெயர் அங்கே 225 என்ற எண்ணில் பதிவாகும். சில சமயம் அது விண்டோஸின் சொந்தப் பிள்ளை எக்ஸ்ப்ளோரராகவே இருக்கும். (வெட்கமா, என்னவோ!) லினக்ஸில் ‘எல்எஸ்ஓஎஃப்’ என்று அடித்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது. இங்கே பெயரைப் பரணில் ஒளித்துவிட்டு, க்யூவில் நிற்கிற மனுஷனிடம் ‘நீயே கண்டுபிடி’ என்றால் எப்படி? அந்த எச்சரிக்கைப் பெட்டியிலேயே பெயரையும் போட இன்னும் எத்தனை பதிப்பு வர வேண்டும்?