கட் அடிக்கும் கால்கள்

ஒரு ரபோனா பாஸ் தவறிப்போனால் போதும், உடனே ஒரு குரல் கேட்கும்: “இதெல்லாம் தேவையா?” சீன் போடுறான், ஃபிலிம் காட்டுறான், இடது காலால் நேராகத் தட்டிவிட்டிருக்கலாமே என்று பிரசங்கம் தொடங்கிவிடும். பேசுபவர்களுக்குத் தாங்கள்தான் ஆட்டத்தைப் பொறுப்பாகப் பார்ப்பவர்கள் என்ற நினைப்பு. எனக்கு என்னவோ, அவர்கள் பார்ப்பது கணக்கு நோட்டை மட்டும்தான் என்று தோன்றுகிறது. அந்தக் கணக்கிலும் பிழை இருக்கிறது.

முதலில் பெயர்களிலிருந்து வருவோம். நிற்கும் காலுக்குப் பின்னால் மற்றக் காலைச் சுற்றிக் கொண்டுவந்து பந்தை உதைப்பதுதான் ரபோனா. 1948இல் எஸ்துதியாந்தெஸ் அணியின் ரிக்கார்தோ இன்ஃபாந்தே, ரொசாரியோ சென்ட்ரலுக்கு எதிராக இப்படி ஒரு கோல் போட்டார். ‘எல் கிராஃபிக்கோ’ இதழ் அவரைப் பள்ளிக்கூடப் பையனாக அட்டையில் போட்டு, ‘ரபோனா அடித்த இன்ஃபாந்தே’ என்று தலைப்பு வைத்தது. அர்ஜென்டினாப் பேச்சில் ரபோனா என்றால் ஸ்கூலைக் கட் அடிப்பது. இன்ஃபாந்தே என்றால் குழந்தை என்றும் பொருள். கேலியாக வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

மற்றப் பெயர்களும் இந்த வகைதான். கால்களுக்கு நடுவே பந்தை விடுவது அர்ஜென்டினாவில் குழாய், பிரேசிலில் பேனா. தலைக்கு மேலே தூக்கிப் போடுவது தொப்பி. புறங்காலால் வளைத்து அடிப்பது போர்ச்சுகலில் திரிவேலா, பிரேசிலில் ‘மூன்று விரல்’. எல்லாமே தெருவிலும் வீட்டிலும் கிடந்த சொற்கள். இன்று பயிற்சியாளர்கள் பேசும் ‘ஹாஃப் ஸ்பேஸ்’, ‘புரோகிரசிவ் பாஸ்’ போன்றவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவையும் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பிள்ளையும் தெருவில் “டேய், ஒரு புரோகிரசிவ் பாஸ் போடுடா” என்று கத்தாது.

சரி, பெயர் அழகாக இருந்தால் போதுமா? போதாது. பயன் பற்றியே பேசுவோம்.

நான் கோட் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் புத்திசாலித்தனத்தைக் காட்டும் கோடை யாரும் விரும்ப மாட்டார்கள். நியாயம்தான். நடுராத்திரியில் சிஸ்டம் விழுந்தால் வேறொருவர் அதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். கால்பந்தில் நிலைமை வேறு. அங்கே உங்களை உன்னிப்பாகப் படித்துக்கொண்டிருப்பவர் எதிரணி டிஃபெண்டர். உங்கள் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, நிற்கும் கால் எங்கே ஊன்றுகிறது என்று பார்த்துத்தான் அவர் நகர்கிறார். பாடப்புத்தகத்தில் வருகிற மாதிரி உடலைத் திறந்து, உள்ளங்கால் பக்கத்தால் தரும் பாஸ், எங்கே போகப்போகிறது என்பதை அரை நொடி முன்பே அறிவித்துவிடுகிறது. திரிவேலாவோ பின்குதிகால் பாஸோ அந்த அறிவிப்பைத் தருவதில்லை. பார்வை ஒரு பக்கம், பந்து மறுபக்கம் என்று ரொனால்டினோ கொடுத்த பாஸ்களின் சூட்சுமமும் இதுவே.

2022 ஏப்ரல் 12, சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. மட்ரிட்டில் செல்சீ 3-0 என்று முன்னிலை, மொத்தக் கணக்கில் 4-3. எண்பதாவது நிமிடம், 36 வயது லூகா மோட்ரிச் வலது புறங்காலால் ஒரு பந்தை வளைத்து அனுப்புகிறார். அது டிஃபெண்டர்களைத் தாண்டி ரொட்ரிகோவின் காலில் இறங்குகிறது. கோல். கூடுதல் நேரத்தில் பென்செமா அடித்த கோலில் ரியல் மட்ரிட் அரையிறுதிக்குப் போனது. இதில் எது வீண்?

2010 ஜனவரியில், லா கொருஞா மைதானத்தில் கூத்தி செய்தது இன்னும் துணிச்சல். எதிரே கோல்கீப்பர் மட்டும். உலகமே அவர் ஷாட் அடிப்பார் என்று நினைத்த நொடியில், குதிகாலால் பின்னே வந்துகொண்டிருந்த பென்செமாவுக்குத் தட்டிவிட்டார். பென்செமா போட்டது ஏறத்தாழக் காலி வலை. கோல்கீப்பர் ஏமாந்தார், சக வீரர் ஏமாறவில்லை. நல்ல வித்தை பாஸுக்கு நான் வைக்கும் அளவுகோல் இதுதான்.

உடனே ஆண்டனியை இழுப்பீர்கள், தெரியும். 2022 அக்டோபரில் ஷெரிஃப் அணிக்கு எதிராகப் பந்தோடு ஒரே இடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினார். அடுத்து அனுப்பிய பாஸ் வெளியே போனது. பால் ஸ்கோல்ஸ் தொலைக்காட்சியில் கடிந்துகொண்டார். அது மோசமான ஆட்டம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை, ஏனென்றால் அங்கே ஏமாற்றுவதற்கு முன்னால் யாருமே இல்லை. ஆனால் அந்த ஒரு சுற்றலை வைத்து வித்தை என்ற வகையையே கூண்டில் ஏற்றுகிறார்கள் பாருங்கள், அதுதான் அநியாயம். பயந்து பயந்து பக்கவாட்டில் தள்ளிவிட்டுத் தாக்குதலையே சாகடித்த பாஸ்களை யாராவது எண்ணியிருக்கிறார்களா? அவற்றைப் பார்த்து “இது தேவையா” என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறார்களா? துணிந்தவரின் தவறு மட்டும் கணக்கில் ஏறுகிறது. அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரீல்ஸ் பார்ப்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. பத்து நொடியில் வெட்டிய துண்டில் மோட்ரிச்சின் கால் தெரியும். செல்சீ மூன்று கோல் போட்ட கதை தெரியாது, பந்து வருமென்று நம்பி ஓடிவந்த ரொட்ரிகோவின் ஓட்டமும் பாதிதான் தெரியும். விடையை மட்டும் காட்டிக் கேள்வியை வெட்டி எறிந்தால், பிரசங்கிகள் சொல்வது போல அது வெறும் சர்க்கஸாகவே தெரியும்.

இவ்வளவு சொன்ன பிறகும், பயனை மட்டும் காட்டி இந்தப் பாஸ்களைக் காப்பாற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏனென்றால் பயன் இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்று ஆகிவிடும். கோலில் முடியாத ரபோனாக்களும் உண்டு. அரங்கம் ‘ஓ’ என்று எழுந்து, சிரித்துவிட்டு உட்காரும். அந்தச் சிரிப்புக்காகத்தான் முதலில் நாம் பந்தையே தொட்டோம். விளையாட்டுக்கும் மார்க் போடும் ஆட்கள் வந்துவிட்டால், அப்புறம் எங்கே போய்த்தான் கட் அடிப்பது?

அடுத்த ஆட்டத்தில் யாராவது புறங்காலால் ஒரு பாஸ் கொடுத்தால், கொடுத்தவரைப் பார்க்காதீர்கள். எதிரே நிற்கும் டிஃபெண்டரின் இடுப்பைப் பாருங்கள். தேவையா இல்லையா என்று அப்புறம் பேசுவோம்.