துண்டுக்குள் பேசிய விலை

மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசுவதை நம் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை அந்த இருவருக்கு மட்டும்தான் தெரியும். மாடு கைமாறிய பிறகு அந்த ரகசியத்துக்கு வேலையில்லை.

நான் தந்தி இலாகாவில் இருந்தபோது ஏலக்காய் வியாபாரிகள் சிலர் விலையைச் சங்கேத வார்த்தையில் எழுதிக் கொடுப்பார்கள். அர்த்தம் எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. ஏலம் முடிந்த பிறகு அந்தத் தந்தியைத் தெருச்சுவரில் ஒட்டினாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

இப்போது நாம் வருஷா வருஷம் நவம்பரில் ஜீவன் பிரமாணுக்குப் பெருவிரல் வைக்கிறோம். ரேஷன் கடையிலும் வைக்கிறோம். அந்த ரேகை பூட்டுப் போட்டுத்தான் ஆதார் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அதன் சாவியைக் காப்பது 1977-ல் வந்த ஆர்.எஸ்.ஏ. என்ற கணக்கு. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம், விடையிலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பதுதான் மலைப்பு. அந்த மலைப்புதான் பூட்டு.

குவாண்டம் கம்ப்யூட்டர் என்று ஒன்று வந்தால் இதைப் பிரித்துவிடலாம் என்று 1994-லேயே பீட்டர் ஷோர் என்பவர் காட்டிவிட்டார். அவ்வளவு பெரிய இயந்திரம் இன்னும் வரவில்லை. "அப்புறம் எதுக்குடா இப்பவே பயம்?" என்று பேரனிடம் கேட்டேன். "தாத்தா, பெட்டியைப் பூட்டோட தூக்கிட்டுப் போய் வச்சுக்கிட்டு, சாவி கிடைக்கிற வரைக்கும் திருடன் காத்திருப்பான்" என்றான். நம்ம ஊர் நாய் குரைத்து விரட்ட, இந்தத் திருடன் சுவர் ஏறிக் குதிப்பதே இல்லை. வழியில் போகும் தகவலைப் பிரதி எடுத்துக்கொள்கிறான், அவ்வளவுதான்.

மாற்றுப் பூட்டு தயாராகவே இருக்கிறது. 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் மூன்று புதிய முறைகளை வெளியிட்டது. இதற்குக் குவாண்டம் இயந்திரம் எதுவும் வேண்டாம், இருக்கிற கம்ப்யூட்டரிலேயே ஓடும். சிக்னல், ஐமெசேஜ் போன்ற அரட்டைச் செயலிகள் அதற்கு முன்பே இந்த வகைப் பூட்டுக்கு மாறத் தொடங்கிவிட்டன. நம் நாட்டிலும் 2023-ல் சுமார் 6,000 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் இயக்கம் அறிவித்தார்கள். சென்னை தரமணியில் உள்ள செட்ஸ் நிறுவனமும் இந்தப் பூட்டுகளை ஆராய்கிறது.

என் கருத்து இதுதான்: எதை முதலில் மாற்றுவது என்பதைப் பணத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. ஓ.டி.பி.யின் ஆயுள் சில நிமிஷம். பாஸ்வேர்டு போனால் வேறு வைத்துக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியுமா? ஆகவே ரேகை போகும் பாதைக்கும், அடுத்து ஆஸ்பத்திரிக் குறிப்புகளுக்கும்தான் முதலில் புதுப் பூட்டு வேண்டும். எந்தத் தேதிக்குள் முடிப்பார்கள் என்பதை நமக்குப் புரிகிற தமிழில் அரசு சொல்ல வேண்டும்.

நான் வரும் நவம்பரிலும் விரல் வைக்கத்தான் போகிறேன், பென்ஷன் வேண்டுமே. என் ரகசியம் இன்னும் பத்து வருஷம் தாங்கினால் போதும். ஆனால் பேத்திக்கு இப்போது ஐந்து வயது. ஆதாருக்காக அவள் பத்து விரலையும் போன மாதம்தான் பதிந்துவிட்டு வந்தோம்.