கண்டதை எழுதுவோம்!

குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் பாவூர்சத்திரத்துக்காரர்களுக்கு வானவில் புதிதல்ல. சாரலில் வெயில் பட்டால் போதும். அந்த வில்லில் சிவப்பு முடியும் இடத்துக்கு அப்பால் இருப்பது அகச்சிவப்பு. 'அது கண்ணுக்குத் தெரியாது' என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறோம்.

ஆனால் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், அகச்சிவப்பு லேசரோடு வேலை செய்தவர்களுக்கு அவ்வப்போது பச்சை ஒளி பளிச்சிட்டது! 'புத்தகத்தில் இல்லையே, பிரமையாக இருக்கும்' என்று விட்டுவிடாமல் ஆராய்ந்து, 2014-ல் காரணத்தை வெளியிட்டார்கள். மிகக் குறுகிய லேசர் துடிப்பில் ஃபோட்டான்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. விழித்திரையின் ஒரே நிறமி மூலக்கூறில் இரண்டு ஃபோட்டான்கள் ஒரே சமயத்தில் விழுந்தால், இரண்டின் ஆற்றலும் சேர்ந்துவிடும். 1000 நானோமீட்டர் ஒளி 500 நானோமீட்டர் ஒளி போல வேலை செய்து பச்சையாகத் தெரியும். டிவி ரிமோட்டின் அகச்சிவப்புக்கு அந்த நெருக்கடி கிடையாது, அதனால்தான் தெரிவதில்லை.

உடனே யாரும் சோதித்துப் பார்க்கக் கிளம்பிவிடாதீங்க! தெரியாத லேசரும் விழித்திரையைச் சுட்டுவிடும். அதற்குரிய பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் கிட்டேயே போகக்கூடாது.

நம் லேபில் நடப்பது என்ன? ரீடிங் ஒத்துவராவிட்டால் பலரும் அதை அழித்துவிட்டு, சீனியரின் ரெக்கார்டு நோட்டைத் தேடுகிறார்கள். அந்த ஆய்வாளர்களும் அப்படிச் செய்திருந்தால் பச்சை வெறும் பிரமையாகவே போயிருக்கும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒத்துவராத ரீடிங்குக்கு மார்க்கைக் குறைக்காதீர்கள். 'ஏன் இப்படி வந்தது?' என்று நாலு வரி எழுதச் சொல்லி, அதற்கு மார்க் கொடுங்கள்!